மெஷின்களே ஏலம் கேட்டு வேலையைப் பிரித்துக்கொள்ளுமா?

கேள்வி: ஓசூர் சிப்காட் பக்கத்தில் வாகன உதிரி பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் பிபிசி (உற்பத்தித் திட்டமிடல், கட்டுப்பாடு) பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் கடையும் சிஎன்சி லேத் 14, செதுக்கித் துளையிடும் விஎம்சி 5, கிரைண்டிங் மெஷின் 2 இருக்கின்றன. பார்ட்டைச் சூடாக்கிக் கடினமாக்கும் ஹீட் ட்ரீட்மெண்டை வெளியே கொடுக்கிறோம். அவர்களுடைய வண்டி தினமும் மாலை 4 மணிக்கு வந்து எடுத்துப்போகும். மெஷினை அடுத்த ஜாப்புக்குத் தயார்செய்யும் செட்டர்கள் பகலில் இரண்டு பேர், இரவில் ஒருவர். சனிக்கிழமை உட்கார்ந்து எக்செல்லில் வாரத் திட்டம் போடுகிறேன். செவ்வாய் மதியத்துக்குள் அது உதவாமல் போய்விடுகிறது. மெஷின் நிற்கும், மூலப்பொருளான ராடு வராது, கஸ்டமர் போன் போட்டு வேறு பார்ட் கேட்பார். போன மாதம் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்காரர்கள் வந்து 'மல்ட்டி ஏஜென்ட்' முறையைக் காட்டினார்கள். ஒவ்வொரு மெஷினும் ஒவ்வொரு ஆர்டரும் ஒரு ஏஜென்டாம். தங்களுக்குள் பேரம் பேசித் திட்டத்தைத் தாங்களே போட்டுக்கொள்ளுமாம். ஆள் உட்கார்ந்து திட்டம் போட வேண்டியதே இல்லையாம். முதலாளியின் மகனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. எங்களுக்கு இது ஒத்துவருமா? அது வந்துவிட்டால் எனக்கு வேலை இருக்குமா?

பதில்: இரண்டாவது கேள்விதான் உங்களை எழுத வைத்தது என்று நினைக்கிறேன். அதற்கும் வருகிறேன். முதலில் அவர்கள் விற்க வந்த பொருளைப் பார்ப்போம்.

நீங்கள் சனிக்கிழமை போடுவது மேலிருந்து கீழே இறங்கும் திட்டம். ஒருவர் எல்லாவற்றையும் பார்த்து, எல்லா மெஷினுக்கும் வரிசை கொடுக்கிறார். இதில் இருக்கும் சிரமம் உங்கள் திறமைக்குறைவு இல்லை, கணக்கே அப்படி. ஒரே மெஷினில் 10 ஜாப்களை எந்த வரிசையில் ஓட்டலாம் என்றாலே 36,28,800 வழிகள் இருக்கின்றன. 1963-இல் ஃபிஷர், தாம்ப்சன் என்ற இருவர் 10 ஜாப், 10 மெஷின் கொண்ட ஒரு மாதிரிக் கணக்கை வெளியிட்டார்கள். எல்லா ஜாப்பும் முடிய ஆகும் மொத்த நேரத்தில் மிகச் சிறந்த விடை 930 அலகுதான், அதைவிடக் குறைக்க முடியாது என்று கார்லியே, பின்சோன் என்ற இரண்டு பிரெஞ்சு ஆய்வாளர்கள் நிரூபித்தது 1989-இல். இருபத்தாறு ஆண்டுகள்! அதிலும் மெஷின் ரிப்பேர் இல்லை, லீவு இல்லை, கஸ்டமர் போன் இல்லை. உங்களிடம் 21 மெஷின் இருக்கிறது. செவ்வாய் மதியம் வரை தாக்குப்பிடிக்கிறதே, அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும்.

ஏஜென்ட் முறை இந்தக் கணக்கை முழுதாகப் போட முயல்வதே இல்லை. ஆர்டருக்கு ஒரு சிறு புரோகிராம், மெஷினுக்கு ஒரு சிறு புரோகிராம். ஆர்டர், "எனக்கு டர்னிங் (கடைசல்) செய்ய வேண்டும், யார் எடுக்கிறீர்கள்?" என்று அறிவிக்கும். செய்யக்கூடிய மெஷின்கள் ஒவ்வொன்றும் தன் வரிசையைப் பார்த்து, "நான் இத்தனை மணிக்கு முடித்துத் தருகிறேன்" என்று கேட்கும். எது நல்லதோ அதற்கு வேலை போகும். இந்த ஏற்பாட்டை 1980-இல் ரீட் ஸ்மித் என்பவர் 'கான்ட்ராக்ட் நெட்' என்ற பெயரில் எழுதினார். அவர் மனதில் இருந்தது தொழிற்சாலை அல்ல, பல கணினிகள் ஒரு வேலையைப் பகிர்ந்துகொள்வது. ஆனால் ஷாப் ஃப்ளோருக்கு அது அப்படியே பொருந்திவிட்டது. ஒரு மெஷின் நின்றால் மொத்தத் திட்டத்தையும் கலைக்க வேண்டாம். அந்த மெஷினிடம் இருந்த ஜாப்கள் மட்டும் மறுபடி ஏலத்துக்கு வரும். உங்கள் செவ்வாய்க்கிழமைக்கு இது நேரடியான மருந்து போலத்தான் தெரியும்.

இது வெறும் காகிதக் கருத்தும் இல்லை. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் ஃபோர்ட் வெய்ன் ஆலையில், டிரக்குகளுக்குப் பெயின்ட் அடிக்கும் பூத்துகள் வண்டிகளை ஏலம் கேட்டு எடுக்கும்படி டிக் மோர்லி செய்துகாட்டினார். இன்று உங்கள் மெஷின் எல்லாவற்றிலும் இருக்கும் பிஎல்சி என்ற கட்டுப்பாட்டுக் கணினியை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் அவர். ஏற்கெனவே சிவப்பு ஓடிக்கொண்டிருக்கும் பூத், சிவப்பு வண்டிக்கு முந்திக்கொண்டு கேட்கும். அதனால் நிறம் மாற்றுவது குறைந்தது. ஜெர்மனியில் டைம்லர் நிறுவனம் 1990-களின் கடைசியில், ஷ்டுட்கார்ட் பக்கம் உன்டர்டூர்க்ஹைமில் சிலிண்டர் ஹெட் செய்யும் ஒரு பகுதியை இப்படி ஓட்டியது. ஒவ்வொரு சிலிண்டர் ஹெட்டும் தன் அடுத்த ஆபரேஷனை மெஷின்களிடம் ஏலம் விட்டது.

இந்த இரண்டு இடங்களிலும் பொதுவாக இருந்ததைக் கவனியுங்கள். ஒன்றுக்குப் பதில் இன்னொன்று செய்யக்கூடிய மெஷின்கள் பல இருந்தன. பார்ட்டை அங்கிருந்து இங்கே கொண்டுபோவது தானாக நடந்தது. மெஷின் நின்றதும் கம்ப்யூட்டருக்கு உடனே தெரிந்தது. உங்களிடம் முதலாவது லேத் பகுதியில் இருக்கலாம். இரண்டாவது இல்லை, டிராலி தள்ளும் ஆள்தான். மூன்றாவதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

டெமோவில் பெரும்பாலும் காட்டாத ஒரு விஷயத்துக்கு வருகிறேன். மெஷின் எதை வைத்து ஏலம் கேட்கிறது? இராயக்கோட்டை மண்டியில் தக்காளிக்கு அளவுக்கு மீறிக் கேட்டுவிட்ட வியாபாரிக்கு நஷ்டம் அவர் பையிலிருந்து போகும், அதனால் யோசித்துத்தான் கேட்பார். லேத்தின் ஏஜென்டுக்குப் பை கிடையாது. அது எதைக் குறைக்க வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டும் என்று நாம் எழுதிக்கொடுத்ததுதான் அதன் பணம்.

ஓர் எடுத்துக்காட்டு போட்டுப் பார்ப்போம். திங்கள் காலை 8 மணி. 400 ஷாஃப்ட் ஆர்டர் வருகிறது. லேத் ஒன்றில் இன்னும் 6 மணி நேர வேலை பாக்கி. ஆனால் அது அதே குடும்பத்துப் பார்ட், பார்ட்டைப் பிடிக்கும் ஜாவை மாற்ற வேண்டாம். செட்டிங் 40 நிமிடம், ஒரு பார்ட்டுக்கு ஆகும் சைக்கிள் டைம் 3 நிமிடம். லேத் இரண்டு இப்போதே காலி. ஆனால் செட்டிங் இரண்டரை மணி நேரம், சைக்கிள் மூன்றரை நிமிடம். மூன்று ஷிஃப்டும் நிற்காமல் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், லேத் ஒன்று செவ்வாய் காலை 10.40-க்கு முடிக்கும். லேத் இரண்டு 9.50-க்கே முடித்துவிடும். "யார் சீக்கிரம் முடிக்கிறார்களோ அவருக்கு" என்பது விதியானால் லேத் இரண்டுக்குப் போய்விடும். 50 நிமிடம் லாபம்.

லாபமா? லேத் ஒன்றில் இந்த ஆர்டர் பிடிக்கும் மெஷின் நேரம் 20 மணி 40 நிமிடம். லேத் இரண்டில் 25 மணி 50 நிமிடம். 5 மணி 10 நிமிட மெஷின் நேரத்தைக் கொடுத்து 50 நிமிடத்தை வாங்குகிறோம். அந்த 50 நிமிடத்தால் எதுவும் நடக்கப்போவதில்லை, ஏனென்றால் ஹீட் ட்ரீட்மெண்ட் வண்டி மாலை 4 மணிக்குத்தான் வரும். 9.50-க்கு முடிந்த ஷாஃப்டும் 10.40-க்கு முடிந்த ஷாஃப்டும் அதே வண்டியில்தான் ஏறும். உங்கள் அனுபவத்தில் இதை ஒரு நொடியில் சொல்லிவிடுவீர்கள். ஏஜென்டுக்கு வண்டி நேரம் சொல்லப்பட்டிருக்க வேண்டும், செட்டிங் நேரத்துக்கு விலை போடப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது ஒவ்வொரு ஏலத்திலும் சரியாக முடிவெடுத்து, வார இறுதியில் மொத்தமாகத் தோற்கும்.

சரி, லேத் இரண்டு எப்படியும் சும்மாதானே இருக்கிறது, அந்த 5 மணி நேரம் போனால் என்ன என்று கேட்பீர்கள். நியாயம்தான். மதியம் வேறு ஜாப் எதுவும் அதற்கு வரப்போவதில்லை என்றால் போகட்டும். ஆனால் லேத் இரண்டில் மட்டுமே ஓடக்கூடிய பார்ட் ஒன்றுக்கு 2 மணிக்கு ராடு வரப்போகிறது என்றால் கதை வேறு. பெல்ஜியத்தில் லூவன் பல்கலைக்கழகத்துக்காரர்கள் இந்தத் துறையில் நிறைய வேலை செய்திருக்கிறார்கள். ஆர்டர், மெஷின், பார்ட்டைச் செய்யும் முறை மூன்றுக்கும் தனித்தனி ஏஜென்ட் வைக்கும் 'ப்ரோசா' என்ற அமைப்பை 1998-இல் வெளியிட்டவர்கள் அவர்கள்தான். பிற்பாடு இந்த முன்யோசனை இல்லாத குறையைச் சரிசெய்ய, எறும்புகளைப் பார்த்து ஒரு வழி கண்டார்கள். ஆர்டர் தனக்கு முன்னால் சிறு தூதர்களை அனுப்பி, "நாளை இந்நேரம் உன்னிடம் வரலாம்" என்று மெஷின்களிடம் இடம் சொல்லிவைக்கும். அதை அவ்வப்போது புதுப்பிக்காவிட்டால் அந்த முன்பதிவு தானாக மறைந்துவிடும். உங்களிடம் வந்தவர்களின் சாஃப்ட்வேரில் இப்படி முன்னோக்கிப் பார்க்கும் ஏற்பாடு ஏதாவது இருக்கிறதா என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அதுவும் ஒரு பதில்தான்.

அடுத்து, உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி என் கண்ணில் பட்டது. 14 லேத், 5 விஎம்சி. செட்டர் பகலில் இரண்டு பேர், இரவில் ஒருவர். உங்கள் ஷாப்பில் வேலையை உண்மையில் தடுத்து நிறுத்துவது மெஷின் என்று நான் நம்பவில்லை. இரவு 11 மணிக்கு மூன்று லேத்தில் ஒரே நேரத்தில் ஜாப் முடிந்தால், இரண்டு லேத் செட்டருக்காகக் காத்து நிற்கும். அன்றைக்கு அவர் பஸ்ஸைத் தவறவிட்டால் மூன்றுமே நிற்கும். மெஷின்களுக்கு மட்டும் ஏஜென்ட் வைத்த சாஃப்ட்வேர் மூன்றும் 11.40-க்குத் தயார் என்று கணக்குப் போடும். ஆக, செட்டருக்கு ஒரு ஏஜென்ட் வேண்டும். பார்ட்டைப் பிடித்துவைக்க ஒன்றே ஒன்று இருக்கும் ஃபிக்ஸ்சர், அளவு பார்க்கும் ஒரே செட் கேஜ், இவற்றுக்கும் வேண்டும். இதைச் செய்ய முடியாத சாஃப்ட்வேர் எவ்வளவு அழகான திரையைக் காட்டினாலும் உங்களுக்கு வேண்டாம்.

இப்போது அந்த மூன்றாவது விஷயம். மெஷின் ஏஜென்ட் சொல்லும் நேரம் எங்கிருந்து வருகிறது? பார்ட்டின் ஆபரேஷன்களையும் நேரங்களையும் எழுதிவைத்திருக்கும் ரூட் ஷீட்டிலிருந்து. உங்கள் ரூட் ஷீட்டில் 3 நிமிடம் என்று இருப்பது எப்போது எழுதியது? விலை கோட் பண்ணியபோதா? ஆபரேட்டரிடம் கேட்டால், "அது அந்த டைம்ல ஓடாதுங்கண்ணா, இன்சர்ட் உடையுது, ஃபீடைக் குறைச்சிட்டோம்" என்பார். அது அவருக்கும் செட்டருக்கும் மட்டும் தெரிந்த உண்மை. மனிதர் போடும் திட்டத்தில் இந்தப் பிழையை நீங்களே மனதுக்குள் கூட்டிக் கழித்துச் சரிசெய்துவிடுகிறீர்கள். ஏஜென்ட் அந்தப் பொய்யை அப்படியே நம்பி ஏலம் கேட்கும், நிமிடத்துக்கு நிமிடம் கேட்கும். தப்பான சைக்கிள் டைம் எழுதியிருக்கும் மெஷின்தான் எல்லா ஏலத்தையும் ஜெயிக்கும் என்பதை மறக்காதீர்கள். குறைவாக எழுதியிருப்பதால்தானே அது ஜெயிக்கிறது. கடைசியில் எது அதிகமாகப் பொய் சொல்கிறதோ அதன் முன்னால் டிராலிகள் வரிசை கட்டும்.

அதனால் சாஃப்ட்வேர் பேச்சுக்கு முன்னால் செலவில்லாத ஒரு வேலை செய்யுங்கள். அதிகம் ஓடும் பார்ட்டுகள் ஒரு இருபதை எடுத்து, ரூட் ஷீட் நேரம், உண்மையில் ஓடிய நேரம், உண்மையான செட்டிங் நேரம் மூன்றையும் இரண்டு வாரம் குறித்துவாருங்கள். மெஷினிலிருந்து தானாக எடுக்க வேண்டுமானால், நெட்வொர்க் வசதியுள்ள கன்ட்ரோலரில் நேரடியாக எடுக்கலாம். பழைய மெஷினில் டவர் லாம்ப்பின் பச்சை விளக்குக்குப் போகும் சிக்னலைப் பிடித்தாலே ஓடுகிறதா நிற்கிறதா என்பது தெரிந்துவிடும். ஏன் நின்றது என்பதை மட்டும் ஆள்தான் சொல்ல வேண்டும். இந்தக் கணக்கை எடுப்பது ஆபரேட்டரைப் பிடிப்பதற்கு அல்ல என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் உங்களுக்குக் கிடைப்பது இன்னொரு ரூட் ஷீட்.

இந்த இரண்டு வாரத்தில் இன்னொன்றும் தெரியவரும்: உங்கள் கழுத்துப்பிடி, அதாவது வேலை தேங்கும் இடம், எங்கே என்று. என் ஊகம், செட்டர் அல்லது அந்த இரண்டு கிரைண்டிங் மெஷின். ஹீட் ட்ரீட்மெண்ட் முடிந்து எல்லாம் ஒரே வண்டியில் திரும்பி வந்து கிரைண்டிங் முன்னால் குவியும், இல்லையா? அது கிரைண்டிங் என்று தெரிந்தால், அங்கே மட்டும் ஒரு போர்டு வைத்து ஒரு எளிய விதியை ஓட்டிப் பாருங்கள். ஒரே வீல், ஒரே செட்டிங்கில் போகக்கூடியவற்றைச் சேர்த்து ஓட்டுவது. அதனால் யாருடைய டெஸ்பாட்ச் தேதியாவது தவறும் என்றால் மட்டும் அவருடைய ஜாப்பை முன்னால் எடுப்பது. லேத் பகுதிக்கு, ஷிஃப்ட் தொடங்கும்போது சூப்பர்வைசர், செட்டர், நீங்கள் மூவரும் பத்து நிமிடம் நின்று, அடுத்த எட்டு மணி நேரத்தில் எந்த மெஷின் எப்போது செட்டிங்குக்கு வரும் என்று பேசிக்கொள்வது. ஏலம் என்ற பெயர் இல்லாமல் நடக்கும் ஏலம்தான் இது.

சாஃப்ட்வேர் கம்பெனி அடுத்த முறை வரும்போது, அவர்களுடைய டெமோ டேட்டாவைப் பார்க்காதீர்கள். உங்கள் போன மாத ஆர்டர்கள், உண்மையான நேரங்கள், உண்மையில் நின்ற மெஷின்கள், இவற்றைக் கொடுத்து ஓட்டச் சொல்லுங்கள். செவ்வாய் காலை 11 மணிக்கு ஒரு லேத்தை அணைத்தால் என்ன ஆகிறது என்று உட்கார்ந்து பாருங்கள். பதினைந்து ஜாப் இடம் மாறினால் அது கெட்டிக்காரத்தனம் இல்லை, பதற்றம். செட்டர் ஜாவை மாட்டி முடித்த பிறகு, "வேண்டாம், அடுத்த மெஷினுக்குப் போ" என்று சொல்லும் திட்டத்தை இரண்டாம் நாளே ஃப்ளோரில் யாரும் மதிக்க மாட்டார்கள். அடுத்த ஒரு ஷிஃப்டுக்கான வேலையை மாறாமல் உறைய வைக்க முடிகிறதா என்று கேளுங்கள். வரும் முடிவை உங்கள் இன்றைய நிலையோடு ஒப்பிடாதீர்கள். மேலே சொன்ன எளிய விதியோடு ஒப்பிடுங்கள். இன்றைய நிலையைவிட எதுவுமே நன்றாகத்தான் தெரியும். எளிய விதியைவிடத் தெளிவாக மேலே இருந்தால்தான் பணம் கொடுக்கக் காரணம் இருக்கிறது.

இன்னொரு எச்சரிக்கை. இப்போது 'ஏஜென்ட்' என்று விற்கப்படுபவை இரண்டு வகை. ஒன்று, நான் மேலே சொன்னது: விதிப்படி ஏலம் கேட்கும் சிறு புரோகிராம்கள். மற்றொன்று, சாட்ஜிபிடி மாதிரியான மொழி மாடலை வைத்து, பேசினால் பதில் சொல்லும் உதவியாளர். இரண்டாவது வகை ஜாப் கார்டில் கையால் எழுதியதைப் படிக்கவோ, "நாளைக்கு எந்த ஆர்டர் லேட்டாகும்?" என்ற கேள்வியை வாங்கிக்கொள்ளவோ நன்றாக உதவும். முடியும் நேரத்தைக் கணக்கிட்டுச் சொல்லும் பொறுப்பை அதனிடம் விடக்கூடாது. அந்தக் கணக்கு விதிப்படி போட்டு, மறுபடி போட்டாலும் அதே விடை வருவதாக இருக்க வேண்டும். உங்களிடம் வந்தது எந்த வகை என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

ஒத்துவருமா என்றால்: முழுத் தொழிற்சாலைக்கும் இப்போது வேண்டாம். கணக்கெல்லாம் சரியானபின், ஒன்றுக்கொன்று மாற்றி ஓட்டக்கூடிய ஆறு லேத்துகளில் மட்டும், அது யோசனை சொல்லட்டும், முடிவு சூப்பர்வைசர் எடுக்கட்டும் என்ற நிலையில் மூன்று மாதம் பார்க்கலாம். அவர் யோசனையை ஒதுக்கும் ஒவ்வொரு முறையும் ஏன் என்று ஒரு வரி எழுத வேண்டும். அந்த வரிகளில்தான் சாஃப்ட்வேருக்குத் தெரியாதது எல்லாம் இருக்கும்.

உங்கள் வேலை பற்றி. சனிக்கிழமை எக்செல்லில் கட்டம் நிரப்பும் வேலை குறையும், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டு கஸ்டமர் ஒரே நேரத்தில், "இன்றைக்கு வராவிட்டால் எங்கள் லைன் நிற்கும்" என்று போன் போட்டால் யாருக்கு முதலில் என்பதை எந்த ஏஜென்டும் தீர்மானிக்க முடியாது. ஒரு நாள் தாமதத்துக்கு எந்தக் கஸ்டமரிடம் எவ்வளவு டெபிட் (பிடித்தம்) வரும், யாரை இழக்கவே கூடாது, ஒரு செட்டிங் மாற்றத்துக்கு எவ்வளவு விலை என்பதெல்லாம் எண்களாக எழுதிக்கொடுக்கப்பட வேண்டும், வாரா வாரம் திருத்தப்பட வேண்டும். அதை உங்கள் ஷாப்பில் உங்களைத் தவிர யாரும் செய்ய முடியாது. செட்டிங் நேரம், சைக்கிள் டைம் சரியா என்று பார்ப்பதும் உங்களிடம்தான் வரும். முன்பைவிட ஃப்ளோரில் அதிக நேரம் நிற்க வேண்டியிருக்கும், அதற்குத் தயாராக இருங்கள்.

முதலாளியின் மகனிடமும் ஒரு உறுதி வாங்க வேண்டும், இது கொஞ்சம் சங்கடமான பேச்சு. பெரியவர் நேரே ஃப்ளோருக்கு வந்து, "இதை முதல்ல போடுப்பா" என்று சொல்லும் வழக்கம் உங்கள் இடத்திலும் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படிச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. ஆனால் அது சிஸ்டத்தில் அவசர ஆர்டராகப் பதிவாக வேண்டும். அதனால் எந்தெந்த ஆர்டர் எத்தனை மணி நேரம் தள்ளிப்போகிறது என்று அவர் திரையில் பார்த்த பிறகுதான் ஜா மாற்ற வேண்டும். இதற்கு அவர்கள் ஒப்புக்கொள்ளாவிட்டால் சாஃப்ட்வேருக்கு ஆர்டர் போடாதீர்கள். ஒப்புக்கொண்டால், இரண்டு வாரக் கணக்கு முடிந்ததும் அந்த இருபது பார்ட்டின் பட்டியலை எனக்கு அனுப்புங்கள். எந்த ஆறு லேத்தில் தொடங்கலாம் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.